ஏழாவது மண்டகப்படி

கடலை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன் என்று ரங்கநாத் கூடத்திலிருந்து கூவியபோது, நாமகிரி சாத்தமுதுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மனுஷர் என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறவள்தான். ஆனால் கடல் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. புளிக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தாள். கம்ப்யூட்டர் திரை முழுக்க எறும்பு சாரை மாதிரி எண்கள்.

"எங்கே கடல்?"

"இதுதான். சென்னை ஹார்பர்ல ஒரு மிஷின் வெச்சிருக்கா. ஆறு நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணி எவ்வளவு உசரம்னு அளந்து அனுப்பறது. வெளிநாட்டு சாஃப்ட்வேர், ஓசியாக் கெடச்சுது. ஊர் பேரையும் தேதியையும் போட்டு ஒரு தட்டு தட்டினா வந்து கொட்டறது பார். அளந்ததும் இருக்கு, வரப்போறதும் இருக்கு. இப்போ பூஜ்யம் புள்ளி எட்டு நாலு மீட்டர். கடல் கடல்னு அடிச்சுப்பியே, நன்னாப் பாத்துக்கோ!"

"இதுல காலை நனைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு நாமகிரி அடுக்களைக்குத் திரும்பினாள்.

ரங்கநாத் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் அட்டைப்பெட்டியைப் பிரித்தவர் அவர்தான். அந்த ஒரு தகுதியிலேயே பத்து வருஷமாகச் சின்னக் காஞ்சிபுரத்தின் கம்ப்யூட்டர் மேதையாக ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் பிராட்பேண்ட் வேறு வந்துவிட்டது. கேட்க வேண்டுமா!

கடல் விஷயத்தில் மட்டும் அவருடைய சித்தாந்தம் வேறு. 'அதுல என்னடி இருக்கு, உப்புத்தண்ணி' என்பார். வண்டி ஏறினால் வாலாஜாபாத் தாண்டுவதற்குள் அவருக்கு வயிற்றைப் புரட்டும். ஆகவே ரெண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிற கடலுக்கு நாமகிரியை அழைத்துப் போக அவர் ஒரு நாளும் கிளம்பியதில்லை. அவளுக்கு இருந்த ஒரே வழி பெருமாள். மாசி மகத்தன்று கிணற்றடித் தெரு வேணுகோபாலப் பெருமாள் சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். பெருமாள் லாரியில், தெருப்பெண்கள் பின்னால் வேனில். கல்யாணமாகி வந்து இருபத்துமூன்று வருஷத்தில் இருபத்துமூன்று தடவை அவள் கடலைப் பார்த்திருக்கிறாள். பார்ப்பது என்றால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் காபி கலக்க வேண்டாம், யார் வேட்டி எங்கே என்று தேட வேண்டாம். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எதிரே ஒன்றுமே இல்லாததைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காக மீதி வருஷத்தை எப்படியோ தள்ளிவிடுவாள்.

போன வருஷம்தான் விபரீதம் நடந்தது. காலை ஒன்பதரைக்கு அர்ச்சகர் சக்ரவர்த்தி பட்டர் சக்கரத்தாழ்வாரைக் கையில் ஏந்திக்கொண்டு கடலில் இறங்கினார். ஆள் உயரத்துக்கு ஒரு அலை வந்து பந்தல், குடை, பட்டர் எல்லாவற்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டியது. பட்டர் கரைக்கு வந்தார், சக்கரத்தாழ்வார் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மீன்வலையில் ஏறி வந்தார், கூட நாலு சங்கரா மீனோடு. பட்டர் அதற்குச் செய்த பிராயச்சித்தம் இன்னும் முடிந்தபாடில்லை.

அதனால்தான் இந்த வருஷம் கமிட்டித் தலைவர் துரைக்கண்ணு பட்டரையும் அழைத்துக்கொண்டு ரங்கநாத் வீட்டுக்கு வந்தார். முசரவாக்கத்து விவசாயக் குடும்பம். செங்கல் லாரி வாங்கி, கட்சியில் சேர்ந்து, கமிட்டிக்கும் தலைவராகிவிட்டவர். பெருமாள் போகிற லாரி அவருடையதுதான்.

"சார், போன தபா சாமி மீன் வலையில வந்து மாட்டிக்கினாரு. இந்தத் தபாவும் ஏதானா ஆச்சின்னா ஊரு என்னியத்தான் கேக்கும். கமிட்டியில பேசி முடிச்சிட்டோம். இன்னொரு வாட்டி அதுமாரி ஆச்சின்னா கடலே வாணாம், அடுத்த வருசத்துலேர்ந்து கோயில் கொளத்துலயே முழுக்காட்டிடலாம். இதான் கடைசி சான்ஸு."

காபி டம்ளரோடு வந்த நாமகிரி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கோயில் குளத்தில் பாசிதான் இருந்தது. அதையும் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"மகத்தன்னிக்கு திங்கட்கிழமை," என்றார் பட்டர். "நல்ல நேரம் ரெண்டு இருக்கு. கார்த்தால ஒம்பதுலேர்ந்து பத்தரை. விட்டா சாயந்திரம் மூணுலேர்ந்து நாலரை. ரெண்டுல எதுல சமுத்திரராஜன் சாந்தமா இருப்பான்னு சொல்லுங்கோ, போறும்."

ரங்கநாத் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு தட்டினார். பிரின்டர் கர் கர் என்று இழுத்து இழுத்து ஒரு முழக் காகிதத்தைத் துப்பியது. "மூணு மணிக்கு ஏத்தம், ஒம்பது மணிக்கு இறக்கம், மறுபடி பதினைஞ்சுக்கு, அதாவது சாயந்திரம் மூணுக்கு ஏத்தம். கார்த்தால ஒம்பதுதான் சரி. தைரியமா இறங்கலாம். பந்தலைத் தண்ணி ஓரமாவே போடச் சொல்லுங்கோ."

துரைக்கண்ணு அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அவர்கள் போனபிறகு நாமகிரி திரையருகே வந்து நின்றாள். அவள் அப்பா பஞ்சாங்கக்காரர். தெருவுக்கு வேண்டிய திதி, நட்சத்திரம், நாழிகை எல்லாம் அந்த வீட்டுக் கணக்கு. அப்பாவுக்குக் கண் மங்கியதிலிருந்து கணக்கைப் போடுகிறவள் நாமகிரிதான். எண்களைக் கண்டால் அவளுக்குக் கண் தானாக ஓடும்.

"ஏன்னா, இங்கே பூஜ்யம் மணின்னு போட்டிருக்கே, அது என்ன?"

"ராத்திரி பன்னெண்டு. நாள் ஆரம்பம்."

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு என்ன உதிக்கறது, நாள் ஆரம்பிக்கறதுக்கு? நாள்னா சூரியோதயத்துலேர்ந்துதான். பூஜ்யம்னா உதயம். உதயாதி மூணு மணின்னா கார்த்தால ஒம்பது, ஒம்பதரை. அப்போ ஏத்தம். உதயாதி ஒம்பது மணின்னா சாயந்திரம் மூணு. அப்போதான் இறக்கம். நீங்க தலைகீழாச் சொல்லி அனுப்பிட்டேள்!"

ரங்கநாத் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "உங்கப்பா பஞ்சாங்கத்தைப் பாத்து வெள்ளைக்காரன் சாஃப்ட்வேர் எழுதறானாக்கும்!"

"சிரிக்காதேங்கோ. இப்போ மணி ராத்திரி எட்டரை. இங்கே அளந்ததுல கடைசி வரி பதினைஞ்சு மணின்னு நிக்கறதே, ஏன்?"

"சென்னைலேர்ந்து சாட்டிலைட்டுக்குப் போய், அங்கேர்ந்து வெளிநாடு போய், திரும்பி நம்மாத்துக்கு வரவேண்டாமா? லேட்டாகாதா?"

"அஞ்சரை மணி நேரமா? சாட்டிலைட் என்ன, கட்டை வண்டியிலயா வரது? இன்னிக்கு உதயம் ஆறு இருபத்தினாலு. அதுலேர்ந்து எண்ணினா இப்போ பதினாலு மணி ஆறது. ஒரு மணிதான் வித்தியாசம். அவா ஊர்ல கொஞ்சம் முன்னாடியே உதிச்சிருக்கும். என் கணக்குதான் கிட்டத்துல இருக்கு. மேலே ஜி.எம்.டி.ன்னு என்னமோ எழுதியிருக்கே, அது என்ன?"

"அது அந்தக் கம்பெனி பேரு."

"போன வருஷம் அலை அடிச்சது கார்த்தால ஒம்பதரைக்கு. அப்பவும் இதே மகம், இதே சந்திரன். அதுக்கென்ன சொல்றேள்?"

"போன வருஷம் போன வருஷம்," என்றார் ரங்கநாத். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஜாதி. அதற்குமேல் பேசிப் பிரயோஜனமில்லை.

மறுநாள் துரைக்கண்ணுவிடமே நேரில் சொல்லிப் பார்த்தாள். "நீ சொல்றதும் கரீட்டா இருக்கலாம்மா," என்றார் அவர் பணிவாக. "ஆனா சாரு சொன்னது பேப்பர்ல அச்சாயிக்கிதே!"

நாமகிரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. அழுது என்ன ஆகப்போகிறது? மூஞ்சியைக் கழுவிக்கொண்டு நேரே பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தாள். பெருமாளுக்குப் பட்டுக்குடை நெய்து கொடுக்கும் கண்ணாயிரத்தின் மனைவி இந்திராணி அவளுக்கு உயிர்த்தோழி. கடல் பைத்தியத்தில் நாமகிரிக்கு ஒரு மாற்றுக் குறைந்தவள் அல்ல.

"ஒம்போது மணிக்கு லாரி அங்க போய்ச் சேரக் கூடாது, அவ்ளோதானே?" என்றாள் இந்திராணி, தறிமேடையை விட்டு இறங்காமலே. "டயரக் காத்தப் புடுங்கி உட்டுடலாமா?"

"சீ, பெருமாள் ஏறற வண்டி!"

"அப்போ சாமியையே நிறுத்து. வழியில மண்டகப்படி வெச்சா சாமி நின்னுதானே ஆவணும்?"

நாமகிரி அவளைக் கட்டிக்கொண்டாள். அதுதானே! சாமி போகிற வழியில் எவரேனும் கோலம் போட்டு, விளக்கேற்றி, பிரசாதத்தோடு காத்திருந்தால் சாமி நின்று ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும். அதுதான் மண்டகப்படி. கமிட்டித் தலைவர் இல்லை, கலெக்டரே வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒரு மண்டகப்படிக்கு இருபது நிமிஷம். அரை மணியும் ஆகும்.

அன்றிலிருந்து நாலு நாள் நாமகிரி வீட்டு டெலிபோனுக்கு ஓய்வில்லை. முத்தியால்பேட்டையில் இந்திராணியின் அக்கா. அய்யம்பேட்டையில் அவள் நாத்தனார். வாலாஜாபாத்தில் நாமகிரியின் அத்தை லோகாம்பாள், பாலூரில் சித்தி, செங்கல்பட்டில் பெரியம்மா ஒரு தெரு, மன்னி ஒரு தெரு. ஆக மொத்தம் ஆறு. 'பெருமாள் நம்மாத்து வாசல்ல நிக்கப்போறார்' என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

திங்கட்கிழமை விடியற்காலை லாரி தெருவில் வந்து நின்றது. வேனில் ஏறப்போன நாமகிரி, கணக்குச் சொன்னவர் இந்த வருஷம் லாரியில் கூட வந்தே ஆக வேண்டும் என்று துரைக்கண்ணு சொல்லியிருந்தாரே, அவரைக் காணோமே என்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். ரங்கநாத் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். முகம் கெட்டுக் கிடந்தது. வழக்கமாகக் கிளம்பும்போதே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர்தானே என்று எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் திணித்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, செல்போனோடு கொல்லைப்பக்கம் போனார். வெளியே துரைக்கண்ணு ஹாரன் அடித்தார். ஐந்தே முக்காலுக்குப் பெருமாள் புறப்பட்டார்.

முத்தியால்பேட்டையில் முதல் மண்டகப்படி. துரைக்கண்ணு கும்பிட்டு இறங்கினார், சந்தோஷமாகவே. அய்யம்பேட்டையிலும் சந்தோஷமாகவே இறங்கினார். வாலாஜாபாத்தில் லோகாம்பாள் அத்தை வாழைமரமே கட்டியிருந்தாள். அங்கே அவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பாலூரில் முகம் சிறுத்துப்போயிற்று.

"இன்னா சாமி இது, இத்தினி வருசத்துல இந்த ரோட்டுல ஒரு சூடம் கொளுத்துனவன் கெடயாது! சுருக்கா ஆரத்தியக் காட்டிட்டுக் கெளம்பேன்பா!"

"பெருமாள் நிக்கறார். நான் யாரு கிளம்பச் சொல்றதுக்கு?" என்றார் பட்டர், சுண்டலை மென்றுகொண்டே.

துரைக்கண்ணுவும் லேசுப்பட்டவரா? டிரைவரை இறக்கிவிட்டுத் தானே ஓட்ட ஆரம்பித்தார். லாரி பறந்தது. பின்னால் வேனில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். செங்கல்பட்டில் பெரியம்மாவுக்குப் பத்து நிமிஷம், மன்னிக்கு எட்டு நிமிஷம். கற்பூரம் அணைவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

திருக்கழுக்குன்றத்துக்குள் நுழையும்போது ஒன்பதரை. அங்கிருந்து கடற்கரை இருபத்தைந்து நிமிஷம். நாமகிரி விரல்விட்டு எண்ணினாள். பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பத்தரை வரைக்கும் நல்ல நேரம். ஆறு மண்டகப்படியும் தீர்ந்தது, அலையில் இறங்கவும் நேரம் மிச்சம்! பெருமாள் இன்னொரு தரம் வலையில் வருவார். அதோடு கடல் முடிந்தது. அடுத்த வருஷம் குளம். கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்திராணியின் தோளை உலுக்கினாள்.

"போச்சே இந்திராணி!"

"ஐயே, அழுவாதம்மா. அங்க பாரு!"

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, கடைத்தெரு முனையில் ஒரு கூட்டம் வழியை மறித்து நின்றது. சாமியானா, மாக்கோலம், குத்துவிளக்கு, நாதஸ்வரம். அண்டாவில் புளியோதரை. நாமகிரி அந்த ஊரில் ஒருத்தரையும் அறியமாட்டாள். இந்திராணியைப் பார்த்தாள். "சத்தியமா நான் இல்ல," என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நாதஸ்வரக்காரர் விஸ்தாரமாக ராகம் இழுத்தார். துரைக்கண்ணு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வண்டி ஏறினால் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத ரங்கநாத், லாரியை விட்டு இறங்கிப் புளியோதரையை நிதானமாகச் சாப்பிட்டு, இன்னொரு தொன்னைக்கும் கையை நீட்டினார். இந்த வயிறு வேறு இன்றைக்குப் பார்த்துத்தான் சரியாக வேண்டுமா என்று நாமகிரி வியந்தாள். பெருமாள் அங்கிருந்து புறப்பட்டபோது மணி பத்து ஐம்பது. நல்ல நேரம் போயே போயிற்று.

"உடு, மூணு மணிக்குத்தான்," என்றார் துரைக்கண்ணு, நொந்துபோய். "சாரு கணக்குப்படி அப்பதானே கடல் ஏறும்? இன்னா ஆவப்போவுதோ!"

கடற்கரைக்குப் போய் இறங்கினால் பந்தலைக் காணோம். முந்தின நாள் நட்ட கழிகளில் ஒன்று மட்டும் சாய்ந்து நின்றது. ஓலைக்கீற்று கரை நெடுக இறைந்து கிடந்தது. படகு நிழலில் உட்கார்ந்து வலையைக் கோத்துக்கொண்டிருந்த மீனவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"உங்க பந்தலா? எட்டரைக்கு ஏறுச்சு. ஒம்போதுக்கெல்லாம் கழிய உருவிக்கினு போயிடுச்சு. பவுர்ணமி மகத்துல காலைல எவனாச்சும் ஓரத்துல பந்தல் போடுவானா? எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. மூணு மணிக்குப் பாருங்க, குட்டையாட்டம் கெடக்கும்."

கமிட்டி மொத்தமும் ரங்கநாத் பக்கம் திரும்பியது. துரைக்கண்ணு வாயைத் திறக்குமுன் நாமகிரி ரெண்டு அடி முன்னால் வந்தாள். என்னதான் இருந்தாலும் தன் புருஷன். இப்போது ஏதாவது சாட்டிலைட் கதை சொல்லுவார், நாலு பேர் சிரிப்பார்கள், அதைத் தன்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று தோன்றியது.

ரங்கநாத் காகிதத்தை நாலாக மடித்தார். "தப்பு என்னுது. அந்தப் பட்டியல்ல ஜி.எம்.டி.ன்னு போட்டிருந்தது வெளிநாட்டு மணி. நான் நம்ம மணின்னு நெனச்சுட்டேன். ஏத்தத்தை இறக்கம்னு சொல்லிட்டேன். எங்காத்துல சரியாச் சொன்னா, நான்தான் கேக்கலை." எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, சத்தமாகவே சொன்னார்.

நாமகிரி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்துமூன்று வருஷத்தில் அவர் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தை தன்னைப்பற்றி வந்து அவள் கேட்டதில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

மூன்று மணிக்குக் கடல் மீனவர் சொன்னபடியே பின்வாங்கிக் கிடந்தது. பட்டர் சக்கரத்தாழ்வாரை மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கயிறும் கட்டிக்கொண்டு இறங்கினார். மூன்று முழுக்கு. கோவிந்தா கோவிந்தா என்று கரை அதிர்ந்தது. பட்டரும் வந்தார், சக்கரத்தாழ்வாரும் வந்தார். "கொளமும் வாணாம், குட்டையும் வாணாம்!" என்று துரைக்கண்ணு தண்ணீரில் குதித்தார். "அடுத்த வருசமும் இங்கதான்! டைமு மட்டும் அம்மாவக் கேட்டுக்கலாம்!"

நாமகிரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றாள். பக்கத்தில் யாரோ சளக் சளக் என்று வந்தார்கள். பார்த்தால் ரங்கநாத்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சூடான பாலில் விரல் வைக்கிறவர் மாதிரி ஒவ்வொரு காலாக வைத்து வந்தார்.

"ஆறு இடத்துலயும் உன் மனுஷாளும் இந்திராணி மனுஷாளுமா நிக்கறாளே, எனக்குக் கணக்கே வராதுன்னு நெனச்சுண்டியா?"

நாமகிரி மறைக்கவில்லை. "ஆறுதான் நான் பண்ணினது. ஏழாவது பெருமாளே பண்ணிண்டார். நெனைச்சாலே சிலிர்க்கறது."

ரங்கநாத் மடித்துக் கட்டிய வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "பெருமாள் இல்லை. குமாரவேல். திருக்கழுக்குன்றம் பிராஞ்சுல மேனேஜர். என்னோட ட்ரெயினிங்ல இருந்தவன்."

"என்னது?"

"கார்த்தால கிளம்பறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தரம் தட்டிப் பாத்தேன். சரியா அஞ்சரை. என் கண்ணெதிர்லயே தேதி மாறி, பூஜ்யம் மணின்னு புது நாள் வந்து நின்னுது. லேட்டா வரதுன்னா ஒரு நாள் அஞ்சு மணி நேரம், ஒரு நாள் ஆறு மணி நேரம் ஆகும். அன்னிக்கு நீ காட்டினதும் அஞ்சரை, இன்னிக்கும் அஞ்சரைன்னா அது லேட் இல்லை, அவா ஊர் மணி. வெளியில பெருமாள் லாரியில ஏறியாச்சு, துரைக்கண்ணு ஹாரன் அடிச்சுண்டிருக்கான். தப்பாப் போச்சுன்னு சொல்ல வாய் வரலைடி. அவனை எழுப்பி, எப்படியாவது ஒரு மண்டகப்படி வெச்சுப் பெருமாளைப் பத்தரை வரைக்கும் பிடிச்சு வைடான்னு கெஞ்சினேன். நாதஸ்வரம் அவனாச் சேத்தது."

நாமகிரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீரில் நின்றபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரங்கநாத்தும் சிரித்தார்.

"புது நாள் அஞ்சரைக்குப் பொறந்துதா? அதான் சூரியோதயம்னு அன்னிக்கே சொன்னேனே."

"அது சூரியோதயம் இல்லை நாமு. அங்கே ராத்திரி பன்னெண்டுன்னா நமக்கு..."

"அஞ்சரைக்குப் பின்னே என்ன உதிக்கறதாம்?"

ஒரு சின்ன அலை வந்து ரெண்டு பேர் முழங்காலையும் நனைத்துவிட்டுப் போயிற்று. கரையில் துரைக்கண்ணு எல்லோரையும் வேனில் ஏறச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் நிக்கலாம்?" என்று கேட்டார் ரங்கநாத்.

நாமகிரி கையைப் புருவத்துக்குமேல் வைத்துச் சூரியனைப் பார்த்தாள். "ரெண்டு நாழிகை நிக்கலாம்."

"சரி," என்றார் அவர். கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.